காயமும் விதியும்

நுழையும்முன்

தமிழில் ‘காயம்’ என்னும் சொல் உடலையும் குறிக்கும். உடலில் ஏற்படும் புண்ணையும் குறிக்கும். ‘விதி’ என்னும் சொல்லுக்கும் இருபொருள் உண்டு. மனிதர் வகுத்த ஒழுங்கும் விதியே. மனிதர் கையில் இல்லாத ஊழும் விதியே. களத்தில் ஒரு வீரர் அடிபட்டு வீழும்போது ‘அவர் விதி’ என்று சொல்லிக் கடந்து செல்வது எளிது. அவ்விதி ஊழா, ஆட்டத்தின் ஒழுங்கா என்று கேட்பதே அறிவுடைமை. அமெரிக்க நாட்டின் தொழில்முறைக் கால்பந்தையும் கூடைப்பந்தையும் அருகருகே வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

இரு களங்கள்

கால்பந்து என்றதும் தமிழ் மாணவர் மனத்தில் தோன்றுவது காலால் உதைத்து ஆடும் ஆட்டம். அமெரிக்கர் அதனைச் ‘சாக்கர்’ என்பர். அவர்கள் கால்பந்து என்று அழைப்பது வேறோர் ஆட்டம். அதில் பந்து இருமுனையும் கூம்பிய முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் அதைக் கையில் ஏந்தியும் எறிந்துமே ஆடுவர். அணிக்குப் பதினொருவர், இலக்குக் கோடுகளுக்கு இடையே 100 கெஜ நீளம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். எதிரணியினர் பந்தேந்தி ஓடுபவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்தித் தடுப்பர். வீழ்த்துவது அங்குக் குற்றமன்று, வீழ்த்துவதே ஆட்டம்.

கூடைப்பந்து இதற்கு நேர்மாறானது. 94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட மரத்தளத்தில் அணிக்கு ஐவராக ஆடுவர். தரையிலிருந்து 10 அடி உயரத்தில் வளையம் இருக்கும். பந்தைக் கையில் ஏந்தியபடி ஓடுதல் கூடாது. தரையில் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். எதிராளியைத் தள்ளுவதும் பிடிப்பதும் தவறு. தொழில்முறை ஆட்டத்தில் ஆறு முறை தவறிழைத்தவர் களத்தை விட்டு வெளியேற வேண்டும். கால்பந்தில் மோதல் ஆட்டத்தின் கருவி. கூடைப்பந்தில் அது ஆட்டத்தின் பிழை.

இவ்வேறுபாடு உடலின் உழைப்பையும் வேறுபடுத்துகிறது. தொழில்முறைக் கால்பந்தாட்டம் ஒன்றின் கடிகார நேரம் 60 நிமிடங்கள். ஆயினும், பந்து உண்மையில் இயக்கத்தில் இருக்கும் நேரம் சுமார் 11 நிமிடங்களே. ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளில் முடிந்துவிடும். அச்சில நொடிகளில் வீரர் தம் வலிமை முழுவதையும் செலவிடுவார், பின்னர் மூச்சு வாங்குவார், மீண்டும் பாய்வார். முன்வரிசையில் நிற்போர் பலர் 136 கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டவர்கள். அத்தகையோர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் முட்டித் தள்ளுவதே பெரும்பாலான முயற்சிகளின் தொடக்கம்.

கூடைப்பந்து வீரருக்கு அத்தகைய இடைவெளி வாய்ப்பதில்லை. 48 நிமிட ஆட்டத்தில் நெடுநேரம் களத்தில் நிற்கும் வீரர் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவு ஓடுகிறார். அது நேர்கோட்டில் ஓடும் ஓட்டமன்று. விரைதல், சட்டென நிற்றல், பக்கவாட்டில் நகர்தல், பின்னோக்கி ஓடுதல், எம்பிக் குதித்தல், தரையிறங்குதல் என அனைத்தும் அதில் அடங்கும். உயரமான உடல், கடினமான தரை, ஓயாத குதிப்பு. இம்மூன்றும் சேர்ந்து கால்களின் மேல் சுமையாக இறங்குகின்றன.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஓர் அணி ஒரு பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. பெரும்பாலும் வாரத்திற்கு ஒன்று. என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் அவை ஆடி முடிக்கப்படுகின்றன. வெற்றி பெற்ற அணிகளுக்கு அதன்பின் வாகையர் போட்டிகளும் உண்டு. ஓர் இரவு ஒரு நகரிலும் மறுநாள் இரவு வேறொரு நகரிலும் ஆட நேர்வதும் உண்டு. சம்மட்டி ஓரடியில் உடைக்கும். அரம் நாள்தோறும் தேய்க்கும். கால்பந்து சம்மட்டி என்றால் கூடைப்பந்து அரம்.

கவசம் காக்காத மூளை

கால்பந்து வீரர் தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து களமிறங்குகிறார். 1943ஆம் ஆண்டு முதல் தலைக்கவசம் தொழில்முறை ஆட்டத்தில் கட்டாயமாயிற்று. மண்டையோடு பிளப்பதைத் தலைக்கவசம் பெருமளவு தடுத்தது. ஆனால், மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையை அதனால் முழுமையாகக் காக்க இயலவில்லை. இதற்கான காரணத்தைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலே விளக்கிவிடும். விரைந்து செல்லும் தலை மோதி நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடுகிறது. திரவத்தில் மிதக்கும் மூளையோ நிலைமத்தால் தொடர்ந்து நகர்ந்து உள்சுவரில் இடிக்கிறது. சில வேளைகளில் முறுக்கவும்படுகிறது. புறத்தே அணிந்த கவசம் அகத்தே நிகழும் அசைவை நிறுத்தாது. கவசம் தரும் துணிவால் வீரர் தம் தலையையே ஆயுதமாக்கி முட்டத் தொடங்கியபோது இடர் மேலும் பெருகிற்று.

மைக் வெப்ஸ்டர் என்பவரின் வாழ்க்கை இதற்குச் சான்று. அவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் நடுவரிசை வீரர். நான்கு முறை வாகை சூடிய அணியில் இடம்பெற்றவர். 17 பருவங்கள் தொழில்முறை ஆட்டம் ஆடியவர். அவர் நின்ற இடத்தில் ஒவ்வொரு முயற்சியும் குனிந்து எழுந்து எதிராளியை முட்டுவதில் தொடங்கும். மயக்கம் தராத சிறு மோதல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. ஓய்வுபெற்ற பின் நினைவு தடுமாறியது, உறக்கம் கெட்டது, வாழ்க்கை சிதைந்தது. 2002ஆம் ஆண்டு தம் 50ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவ்வுடலை ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் பென்னட் ஒமலு. வெறுங்கண்ணுக்கு அம்மூளை இயல்பாகவே தோன்றியது. நுண்ணோக்கியின்கீழ் வைத்தபோது ‘டௌ’ என்னும் புரதம் இயல்புக்கு மாறாகப் படிந்திருந்தது தெரியவந்தது. தொடர் மோதலால் விளையும் நாள்பட்ட மூளைச் சிதைவு நோய் அது. குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த அத்தகைய பாதிப்பு கால்பந்து வீரர் ஒருவரிடம் காணப்பட்டதை 2005ஆம் ஆண்டு அவர் ஆய்விதழில் வெளியிட்டார். கூட்டமைப்பின் மருத்துவக் குழுவினர் அக்கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு வலியுறுத்தினர். கால்பந்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று கூட்டமைப்பின் உயர் அலுவலர் ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டது 2016ஆம் ஆண்டில்தான். உண்மை வெளிப்பட்டதற்கும் அது ஏற்கப்பட்டதற்கும் இடையில் பதினோராண்டுகள் கழிந்தன. அத்தனை ஆண்டுகளும் வீரர்கள் தலையால் முட்டிக்கொண்டே இருந்தனர்.

2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தொழில்முறைக் கால்பந்து ஆடிய 111 பேரின் மூளைகளுள் 110இல் இந்நோய் காணப்பட்டது. இவ்வெண்ணை எச்சரிக்கையுடன் படித்தல் வேண்டும். அவை பொறுக்கி எடுக்கப்படாத மாதிரிகள் அல்ல, ஆய்வுக்காகக் கொடையளிக்கப்பட்டவை. நோயின் அறிகுறிகளைக் கண்ட குடும்பத்தினரே கொடையளிக்க மிகுதியும் முன்வருவர். ஆதலால் ஆடிய அனைவருக்கும் இந்நோய் வரும் என்று முடிவுகட்டுதல் பிழை. எனினும், இத்தனை மூளைகளில் இது காணப்பட்ட பிறகும் ‘தற்செயல்’ என்று ஒதுக்குவது அதனினும் பெரும் பிழை.

தேயும் கால்கள்

கால்பந்தின் கொடுமையைக் கண்டவர் கூடைப்பந்தை மென்மையான ஆட்டம் என எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணமும் திருத்தப்பட வேண்டியதே. அங்குக் காயம் பெரும்பாலும் பிறர் தாக்குதலால் வருவதில்லை. வீரரின் சொந்த உடலெடையே காயமாக மாறுகிறது.

எம்பிக் குதித்தவர் தரையைத் தொடும் கணத்தில் அவர் கால்கள் உடலெடையின் பல மடங்கு விசையைத் தாங்குகின்றன. முழங்காலை மடக்கி இறங்கினால் நிற்கும் நேரம் நீள்கிறது, விசை குறைகிறது. ஒற்றைக் காலில், முழங்கால் உட்புறம் சாய இறங்கினால், தொடையெலும்பையும் காலெலும்பையும் இணைக்கும் தசைநார் கிழியக்கூடும். சிகாகோ புல்ஸ் அணியின் டெரிக் ரோஸ் 22ஆம் வயதில் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் என்னும் விருதைப் பெற்றவர். அவ்விருதை அத்தனை இளம் வயதில் பெற்றவர் அவருக்கு முன் எவருமில்லை. 2012 ஏப்ரல் 28 அன்று, அணி வெல்லும் நிலையில் இருந்த ஆட்டத்தின் இறுதியில், குதித்து இறங்கியபோது அவரது இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. எவரும் அவரை வீழ்த்தவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் ஆடினார். ஆயினும், பழைய உயரத்தை அவர் எட்டவில்லை.

குதிகாலில் உள்ள தசைநாண் அறுவது மற்றொரு பெருங்காயம். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட் 34 வயதில், அணியை வாகையர் சுற்றுக்குள் கொண்டுசெல்லும் முனைப்பில், பல ஆட்டங்களில் தொடர்ந்து ஏறத்தாழ முழு நேரமும் ஆடிவந்தார். 2013 ஏப்ரல் 12 அன்று அவரது குதிகால் தசைநாண் அறுந்தது. அந்நிலையிலும் நடந்துசென்று, தமக்குரிய இரு தடையிலா எறிகளையும் வளையத்துள் செலுத்திவிட்டே அவர் களம் நீங்கினார். உலகம் அந்த இரு எறிகளைப் பாடிற்று. அதற்கு முன் அவர் ஓய்வின்றி நின்ற நிமிடங்களை எண்ணியவர் குறைவு.

2019ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் கெவின் டியூரன்ட் அடைந்த காயம் மேலும் ஒன்றை உணர்த்துகிறது. கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாத காலம் விலகியிருந்த அவர், அணி தோல்வியின் விளிம்பில் நின்ற ஐந்தாம் ஆட்டத்தில் களமிறங்கினார். இரண்டாம் கால்பகுதியிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதையும் அவர் இழந்தார். சீனத்தின் யாவ் மிங்கின் வரலாறோ வேறு வகையானது. 2.29 மீட்டர் உயரமுள்ள அவர் தம் முதலிரு பருவங்களில் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. இடையில் தம் நாட்டு அணிக்காகவும் ஆடினார். பாத எலும்புகளில் மீண்டும் மீண்டும் விரிசல் கண்டது. 2011இல், 30 வயதில், அவர் ஓய்வை அறிவித்தார்.

இவ்விரண்டனுள் எது கூடுதல் இடருடையது என்று கேட்டால் விடை தெளிவானது. கிழிந்த தசைநாரை அறுவை மருத்துவம் சீராக்கும்; சிதைந்த மூளையைச் சீராக்கும் மருத்துவம் இன்றில்லை. முழங்கால் வலி ஒருவரின் நடையைக் குறைக்கும். மூளைச் சிதைவு அவரையே அவரிடமிருந்து பறித்துவிடும். ஆதலால் அமெரிக்கக் கால்பந்தே கூடுதல் இடருடையது. ஆனால் ‘யார் வீரமிக்கவர்?’ என்னும் பட்டிமன்றத்துக்கு இவ்விடையைச் சான்றாக்குவது பொருந்தாது. கால்பந்து வீரர் மிகுதியாகக் காயமுறுவது அவர் மிகுந்த துணிவுடையவர் என்பதால் அன்று; கூடைப்பந்து வீரரின் தலை தப்புவது அவர் அஞ்சுபவர் என்பதாலும் அன்று. அவரவர் ஆட்டத்தின் விதி அவரவர் காயத்தைத் தீர்மானிக்கிறது.

ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு

இக்கூற்றுக்கு வரலாற்றில் நேரான சான்று உண்டு. கூடைப்பந்தைத் தோற்றுவித்தவர் கனடாவில் பிறந்த உடற்கல்வி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவரே கால்பந்து ஆடியவர். மோதலில் காதுகள் நசுங்காமல் இருக்கத் தலையில் துணியாலான காப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு களமிறங்கியவர். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரப் பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் அறைக்குள் ஆடத்தக்க ஆட்டம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. கடினமான தரையில் கால்பந்து ஆடினால் எலும்பு முறியும் என்பதை அவர் அறிவார்.

அவர் மாணவர்களிடம் ‘மென்மையாக ஆடுங்கள்’ என்று அறிவுரை கூறவில்லை. முரட்டுத்தனம் எங்கே பிறக்கிறது என்று சிந்தித்தார். பந்தை ஏந்தியவர் ஓடுகிறார். ஓடுபவரை நிறுத்த வீழ்த்த வேண்டியுள்ளது. வீழ்த்துவதால் காயம் உண்டாகிறது. பந்தை ஏந்தி ஓடவே கூடாது என்றால் வீழ்த்த வேண்டிய தேவையே இல்லை. இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் பந்தை வேகமாக எறிவர். தலைக்கு மேலே கிடைமட்டமாக வைத்தால் மெல்ல வளைத்தே எறிய வேண்டும். அவர் எழுதிய 13 விதிகளுள் பந்துடன் ஓடுதல் தடுக்கப்பட்டது. தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், தடுக்கி வீழ்த்துதல், அடித்தல் ஆகியவை குற்றமாக்கப்பட்டன. பீச் பழக்கூடைகள் இரண்டும் ஒரு பந்தும் கொண்டு புதிய ஆட்டம் பிறந்தது. ஒரு விதி மாறியது. ஒரு காயம் மறைந்தது.

ஆனால், அவ்விதிக்கும் விலை உண்டு. இலக்கை உயர்த்திய விதி தலையைக் காத்தது; காலப்போக்கில் வீரர்களைக் குதிக்கவும் வைத்தது. மோதலின் சுமை நீங்கிய இடத்தில் குதிப்பின் சுமை வந்து சேர்ந்தது. எந்த விதியும் காயத்தை முற்றிலும் ஒழிப்பதில்லை. எந்த உறுப்பு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதையே அது மாற்றி அமைக்கிறது. ஆதலால் விதிகளை ஒருமுறை எழுதி முடித்துவிட இயலாது. காயங்களைக் கண்டு அவற்றைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கால்பந்தும் இப்பாடத்தை ஒருமுறை கற்றது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் அமெரிக்கக் களங்களில் குறைந்தது 18 பேர் உயிரிழந்தனர். ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டே விதிகள் திருத்தப்பட்டன. கூட்டமாக ஒட்டி நின்று முட்டிச் சென்ற ஆட்டம், பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் புதிய விதியால் களமெங்கும் விரிந்தது. இன்று இரசிகர்கள் இருக்கையை விட்டு எழுந்து ஆரவாரிக்கும் நீண்ட எறிகள் யாவும் அன்று உயிர்காக்கும் முயற்சியில் பிறந்த விதியின் கொடையே.

எதிர்வாதமும் விடையும்

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. ‘வீரர்கள் இடரை அறிந்தே ஆடுகின்றனர், பல கோடி ஊதியம் பெறுகின்றனர், விதிகளை மென்மையாக்கினால் ஆட்டம் ஆட்டமாக இராது’ என்பது அவர்தம் வாதம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடைபோடுதல் தகும்.

முதலாவது, அறிந்து இசைதல். இசைவுக்கு அறிவு அடிப்படை. மூளைச் சிதைவு பற்றிய உண்மை மறுக்கப்பட்ட காலத்தில் ஆடியவர் எதற்கு இசைந்தார்? 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் கூட்டமைப்பின்மீது வழக்குத் தொடுத்ததும், 2013இல் 76.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு அறிவிக்கப்பட்டதும், பின்னர் அந்த உச்சவரம்பே நீக்கப்பட்டு 2015இல் நீதிமன்றம் அதனை ஏற்றதும் இவ்வினாவின் வலிமையைக் காட்டுகின்றன.

இரண்டாவது, ஊதியம். என்.பி.ஏ. வீரரின் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் உறுதிசெய்யப்பட்டது. காயமுற்றாலும் அது கிடைக்கும். என்.எஃப்.எல். ஒப்பந்தங்கள் பலவற்றில் தொகையின் ஒரு பகுதிக்கே உறுதியுண்டு. அணி அவரை விடுவித்துவிட்டால் எஞ்சியது கிடைக்காது. கூடுதல் இடரைத் தாங்குபவருக்கே குறைந்த உறுதி வாய்ப்பது முறையன்று. வேலை போய்விடும் என்னும் அச்சம் தலைசுற்றலை மறைக்கத் தூண்டும். மறைத்த காயம் பெருங்காயமாகும்.

மூன்றாவது, ஆட்டத்தின் இயல்பு. 1906இல் பந்தெறிதலை ஏற்ற ஆட்டம் அழியவில்லை, வளர்ந்தது. அண்மைக்காலத் திருத்தங்களும் அதையே காட்டுகின்றன. 2011ஆம் ஆண்டு ஒப்பந்தம் முழுக்கவசம் அணிந்து மோதும் பயிற்சிகளைப் பருவத்திற்கு 14 ஆகக் குறைத்தது. 2018இல் தலையைத் தாழ்த்தித் தலைக்கவசத்தால் முட்டுவது குற்றமாக்கப்பட்டது. 2024இல் தொடக்க உதையின்போது இரு அணியினரும் நெருங்கி நிற்குமாறு விதி மாற்றப்பட்டது. நெடுந்தொலைவு ஓடிவந்து மோதும் வேகம் அதனால் குறைந்தது. கூடைப்பந்திலும் 2017இல் இரு மாற்றங்கள் வந்தன. எறிந்துவிட்டு இறங்குபவரின் காலடியில் தம் காலை நீட்டுவோருக்குக் கடும் தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்து இரவுகளில் நான்கு ஆட்டங்கள் ஆடும் கொடுமை அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. இவற்றால் இரு ஆட்டங்களும் சுவை குன்றவில்லை, அரங்குகள் வெறிச்சோடவில்லை.

ஆயினும், நிறைவடைய இயலாது. பாதுகாப்பைப் பற்றிப் பேசிய அதே கூட்டமைப்பு 2021இல் பருவ ஆட்டங்களை 16இலிருந்து 17 ஆக உயர்த்தியது. கூடைப்பந்தில் மருத்துவர் அறிவுரையால் ஓரிரு ஆட்டங்களில் ஓய்வெடுக்கும் வீரர் ‘பணம் வாங்கிக்கொண்டு ஆடாதவர்’ என்று இகழப்படுகிறார். சீட்டு வாங்கியவரின் ஏமாற்றம் உண்மையானதே. ஆனால், அதற்கு விடை களைத்த உடலைக் களத்தில் நிறுத்துவதன்று. ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே. ஒவ்வோர் ஆட்டமும் நுழைவுச் சீட்டாகவும் ஒளிபரப்பு உரிமையாகவும் விற்கப்படுவதால் அத்தீர்வை முதலில் எடுத்துரைக்க எவரும் முன்வருவதில்லை. களத்தில் வீரரை வீழ்த்துவது எதிரணியினர் மட்டுமல்லர். ஆட்ட அட்டவணையும் சில வேளைகளில் வீழ்த்துகிறது.

மாணவர்க்கு உரியது

தொழில்முறை ஆட்டத்தின் நிழல் பள்ளிக் களங்களிலும் விழுகிறது. பெரிய வீரர் வலியுடன் ஆடினார் என்பதைக் கண்ட சிறுவரும் வலியை மறைத்து ஆடுவர். அமெரிக்காவில் 13 வயது மாணவர் ஒருவர் தலையில் அடிபட்ட அன்றே மீண்டும் களமிறக்கப்பட்டு, மூளையில் கடும் பாதிப்புற்றார். அதன் விளைவாக வாஷிங்டன் மாநிலம் 2009இல் சட்டமொன்றை இயற்றியது. தலையில் அடிபட்டதாக ஐயம் எழுந்தால் மாணவரை உடனே களத்திலிருந்து நீக்க வேண்டும். மருத்துவரின் எழுத்துவழி இசைவின்றி மீண்டும் சேர்க்கலாகாது என்பது அதன் சாரம். 2014க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. முடிவெடுக்கும் சுமையை அடிபட்ட மாணவரின் தோளிலிருந்து இறக்கிப் பெரியவர்களின் தோளில் வைத்ததே இச்சட்டத்தின் சிறப்பு. ஆட விரும்பும் பிள்ளையிடம் ‘ஆட முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியும்’ என்றே சொல்லும்.

மற்றொரு நிகழ்வும் கற்பிக்கத்தக்கது. 2023 ஜனவரி 2 அன்று பஃபலோ பில்ஸ் அணியின் டாமர் ஹாம்லின் என்னும் 24 வயது வீரர், மோதலில் மார்பில் அடிபட்டு எழுந்த சில நொடிகளில் இதயம் நின்று சாய்ந்தார். களத்திலேயே தயாராக இருந்த மருத்துவ உதவியாளர்கள் உடனே இதய இயக்க மீட்பு முதலுதவி அளித்தனர். மின் அதிர்வுக் கருவியையும் பயன்படுத்தினர். அவர் உயிர் பிழைத்தார். அதே ஆண்டில் மீண்டும் ஆடவும் வந்தார். அவரைக் காத்தது நற்பேறு மட்டுமன்று. முன்கூட்டியே பெற்ற பயிற்சியும் அருகிலிருந்த கருவியுமே. அப்பயிற்சி பெரிய அரங்குகளுக்கு மட்டும் உரியதன்று. மாணவர் ஓடி ஆடும் ஒவ்வொரு களத்திலும் முதலுதவி அறிந்த ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.

தமிழர் மரபு மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றியது. நாட்டைக் காக்கும் போரில் பெற்ற புண்ணுக்கு உரிய பெருமை அது. விளையாட்டு போரன்று. அங்கு எதிரில் நிற்பவர் பகைவருமல்லர். அவரின்றி ஆட்டமே இல்லை. ஆதலால் களத்தில் பெற்ற காயத்தைப் பெருமையாக்கி மறைப்பது வீரமன்று. ‘வலிக்கிறது’ என்று உரிய நேரத்தில் சொல்வதற்கும், ‘ஓய்வெடு’ என்று தோழனிடமும் தோழியிடமும் சொல்வதற்கும் வேறொரு துணிவு வேண்டும்.

விளையாட்டு உடலுக்கு வலிமையும் மனத்துக்கு உவகையும் தருவது. அதில் சிறு காயங்கள் தவிர்க்க இயலாதவை. அவற்றுக்கு அஞ்சி ஆடாதிருத்தல் அறிவன்று. தவிர்க்கக்கூடிய காயத்தையும் ஊழென்று ஏற்றல் அதனினும் அறிவன்று. பழக்கூடையைத் தலைக்குமேல் கட்டிய ஆசிரியர் ஒருவர் ஊழை நோக்கவில்லை, விதியை நோக்கினார். ஆட்டத்தை வகுப்போரும் நடத்துவோரும் காண்போரும் அவ்வாறே நோக்கினால், வீரர்களின் திறம் களத்தில் ஒளிரும். ஓய்வுக்குப் பின்னும் அவர்கள் தம் பெயரையும் தம் பிள்ளைகளின் முகத்தையும் நினைவில் வைத்திருப்பர். எழுதிய விதியைத் திருத்தி எழுதும் உரிமை மனிதர்க்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துவது கடமையும் ஆகும்.